மேற்கே போக, கிழக்கே எடுத்த டிக்கெட்

பெயர் செல்லமுத்து. தகப்பனார் அப்புசாமி, காலமாகிவிட்டார். வயது ஐம்பத்து நாலு. இருப்பு கொல்லிமலை, அரியூர் நாடு. தொழில் விவசாயம், மரவள்ளி, அன்னாசி, பலா. படிப்பு நாலாம் வகுப்பு, ஆனாலும் பத்தாவது படித்தவன் எழுதிய மனுவைத் திருத்தும் அளவுக்கு விவரம் உண்டு. 2003ஆம் வருடம் ஜூலை மாதம் 12ந் தேதி சனிக்கிழமை காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் அர்த்தனாரி கேட்க, யாரும் மிரட்டாமல், யாரும் டீ கூட வாங்கிக் கொடுக்காமல், நானாகச் சொல்வது என்னவென்றால்:

என் அக்காள் பொன்னாயியின் மகள் கௌசிகா நர்சு படிப்பு முடித்தவள். அவளுக்கு லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எங்கள் அரியூர் நாட்டில் இப்படிப் போகிற முதல் பிள்ளை அவள்தான். ஆசியாவிலேயே முதல் பிள்ளை என்றும் சொன்னேன், அதை எழுத முடியாது என்று தலைமைக் காவலர் சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமை காலை அவள் அங்கே வேலையில் சேர வேண்டும், சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். லண்டன் விசா வந்துவிட்டது. விமான டிக்கெட் எங்கள் பொறுப்பு. சந்தையில் மாட்டு விலையை என்னைப் போல் உடைக்கிறவன் இந்த ஜில்லாவில் கிடையாது என்பதால் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு சேலம் போய் ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினேன். ஜூலையில் வெளிநாடு படிக்கப் போகிற பிள்ளைகள் கூட்டம், அதனால் விலை ஏறிவிட்டது என்றார்கள். போவதற்கு மட்டும் எடுத்தால் அதிக விலை, போய்வர எடுத்தால் குறைந்த விலை என்றான் ஒருவன். கன்றோடு சேர்த்து வாங்கினால் எருமை விலை குறையும் என்று சந்தையில் எவனாவது சொன்னால் அங்கேயே செருப்படி விழும். இன்னொரு ஆபீசில் மாட்டுச் சந்தை வழக்கப்படி மேஜைமேல் துண்டை விரித்து, அதற்கடியில் கையை நீட்டி, விரலைப் பிடித்து விலை சொல்லு தம்பி என்றேன். கழுத்துப்பட்டை கட்டிய அந்தப் பையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டான். அந்தக் குளிர்ந்த அறையில் அடித்த செண்ட் நாற்றம் ஊருக்கு வந்து குளித்த பிறகும் என் மூக்கில் இருந்தது.

அதன் பிறகு செம்மேட்டில் எஸ்.டி.டி. பூத்தும் டிராவல்சும் சேர்த்து நடத்துகிற தரணிதரனிடம் போனேன். இவன் சேலத்து ஏஜெண்ட் ஒருவரிடம் டிக்கெட் வாங்கிக் கொடுப்பவன். இவன் பேனா மூடியால் காதைக் குடைந்து, அதை முகர்ந்து பார்த்து, அதே மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னிடம் விலை பேசினான். மேஜைக்கடியில் ஒரு வாளி. பாக்குப் போட்ட எச்சிலை அதில் துப்பித் துப்பி வாளி விளிம்பு வரை நுரைத்து நின்றது. அதை ஒட்டித்தான் ஜனங்களுடைய பாஸ்போர்ட் நகல்கள் கிடந்தன.

அவன் வெள்ளிக்கிழமை துபாய் வழியாக, ஒரே டிக்கெட்டாக, சல்லிசான விலை ஒன்று சொன்னான். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அன்றைக்கு அந்தத் திசையில் கிளம்பினால் போன காரியம் விளங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கிளம்ப மாட்டோம். வேறு கிழமையில் விலை ஒன்றரை மடங்கு இருந்தது. ஆகவே, அதே வெள்ளிக்கிழமை கிழக்கே கிளம்புகிற விமானம் உண்டா என்று கேட்டேன்.

"ஏனுங்ணா, லண்டன் மேக்கால இருக்குது. கெழக்கால போனா எப்புடிங்க?"

"ஒலகம் உருண்டைடா. எப்படிச் சுத்துனாலும் வந்துதானே ஆகோணும்?"

"மலேசியா போயி அங்கிருந்து லண்டனுக்குத் திரும்புறது ஒண்ணு இருக்குதுங்க. ரெண்டு தனித்தனி டிக்கெட்டாப் போட்டா துபாயை விடக் கம்மிங்க."

கூட இருந்த கௌசிகா, "மாமா, நேராப் போறதையே எடுத்துக்கலாங்க மாமா" என்றாள்.

"நீ ஊசி போடறதைப் பாரு கண்ணு. தெசையை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைப் போடச் சொன்னேன்.

அதன் பிறகு நேற்று வெள்ளிக்கிழமை காலை மெட்ராஸ் விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண், டிக்கெட் தனித்தனியாக இருப்பதால் மலேசியாவில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி உள்ளே போக வேண்டும், வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும், அது இல்லாததால் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் பைலட்டையே கூப்பிடு என்று போட்ட சத்தத்தில் கட்டடம் ஆடியது. கௌசிகா அழவில்லை. அடையாளத்துக்குப் பெட்டியில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தரணிதரனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அங்கே ஒரு சாப்பாட்டு விலைக்கு ஒரு டீ விற்றார்கள், பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில். அதைக் கீழே கொட்டிவிட்டு பஸ் ஏறினோம். மலைக்கு வந்து சேரும் வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு இன்று காலை என் பலா மரத்தடியில் விழுந்து, பன்றியும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போன அழுகல் பழங்களை உரச் சாக்கில் அள்ளிக்கொண்டு செம்மேடு பஸ்சில் ஏறினேன். சாக்கிலிருந்து ஒழுகிய சாறு முதுகில் இறங்கியது, புழு சட்டைக்குள் ஊர்ந்தது. பஸ்சே காலியாகிவிட்டது. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்குக்கும் லக்கேஜ் போடவா என்று கேட்டார்.

"போடுங்க, தரணிதரன் கணக்குல" என்றேன்.

சாக்கை அப்படியே அவன் மேஜைமேல் கவிழ்த்தேன். டெலிபோன் ஓட்டைக்குள் புழு நுழைந்தது. அவன் வாந்தி எடுக்க அந்த வாளியையே இழுத்தான். என்னைத் தடுக்கலாம் என்று ஜீப் பிடித்துப் பின்னால் வந்த கௌசிகா கடைப்படியில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை, எதையும் தொடவில்லை. ஆனால் இவன் புகாரில் அவள் பெயரையும் சேர்த்துவிட்டான்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் ஐயா எங்களை எதிரெதிரே நிற்க வைத்து, கேஸ் பதிவானால் அந்தப் பெண் ஊர் தாண்ட முடியாது என்று சொன்னார். விசா விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்று தரணிதரனைக் கேட்டதற்கு, "கேட்டாத்தானுங்க சொல்றது?" என்றான். அந்த முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பிறகு அவனே, நாளை ஞாயிற்றுக்கிழமை காலை துபாய் வழியாக ஒரு இடம் இருக்கிறது, மாற்றிக் கொடுக்கிறேன், புகாரையும் வாபஸ் வாங்குகிறேன் என்றான். ஆனால் கிழக்கு வழி வேண்டும் என்று கேட்டது நான்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சேலத்துக்காரர் நஷ்டத்தை அவன் தலையில் கட்டிவிடுவார், கடையையும் நான்தான் கழுவ வேண்டும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமையும் மேற்கே சூலம் என்றேன். அப்போதுதான் கௌசிகா வாயைத் திறந்தாள்.

"சூலம் என்னைய நிறுத்துலீங்க மாமா. நீங்கதான் நிறுத்துனீங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. பெரிசாக்காதீங்க."

ஆகவே கடையைக் கையால் வழித்துக் கழுவினேன். அந்த எச்சில் வாளியையும் கழுவ வைத்தான். அந்த வாளி நாற்றத்துக்கு முன்னால் பலாப்பழ நாற்றம் சந்தனம். கழுவிவிட்டு வந்து உள்ளதைச் சொல்கிறேன். தரணிதரன் முதலில் காட்டியது நேர் டிக்கெட். அது வேண்டாம் என்றது நான். கௌசிகா அதையே எடுக்கச் சொன்னாள், அவள் வாயை அடைத்ததும் நான். பழம் கொட்டியது நான் ஒருவன் மட்டும். விசா வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை, அதுவும் உண்மை, அதையும் எழுத வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருந்த தலைமைக் காவலர் பேனாவை நிறுத்தி, "மேக்க சூலத்துக்குக் கொஞ்சம் வெல்லம் வாயில போட்டுட்டுக் கெளம்புனாப் போதுமுங்களே. எங்கூட்ல அப்படித்தான்" என்றார். அது எனக்கும் தெரியும். பஸ் பயணத்துக்குச் செல்லுகிற பரிகாரம் விமானத்துக்கும் செல்லுமா என்றுதான் யோசித்தேன். அவரிடம் அனுமதி கேட்டு எதிர்க் கடையில் அச்சு வெல்லம் ஒன்று வாங்கி வந்து கௌசிகாவிடம் நீட்டினேன். என் கையை ஒரு தடவை பார்த்தாள். வாங்கிக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அங்க போயி எறங்கிட்டுத் தின்னுக்கறேன் மாமா" என்றாள்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். முழுக்க உண்மை, இதில் நான் கூட்டிச் சொன்னது ஒன்றும் நிற்கவில்லை. புகாரில் அவள் பெயரை அடித்ததையும், துபாய் வழி டிக்கெட் அவள் கைக்கு வந்ததையும் கண்ணால் பார்த்துவிட்டேன். அவள் வீட்டிலிருந்து எடுத்து வந்த பெட்டியோடு வாசலில் நிற்கிறாள், கீழே போகிற பஸ் வந்துவிட்டது. ஆகவே நல்ல நேரம் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) அ. செல்லமுத்து