எனக்காக உயர்ந்த இரண்டு கைகள்

இங்கிலாந்தில் முதுகு வளையாத மனிதன் நான் ஒருவன்தான், ஐயா. ராஜாவின் வண்டி போனாலும் தொப்பியைத் தொடுவேனே தவிரக் குனிய மாட்டேன்.

லண்டனில் புத்தகம் கட்டும் ஈனோக் டிரான்டரின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். எனக்குக் காய்ச்சல் கண்டபோது அவன் மனைவி டபிதா ஒன்பது நாள் கஞ்சி ஊட்டினாள். உப்பு போதாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்; நான் எதையும் மறைப்பவன் அல்ல.

எல்லா ஆண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்க எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் செயலாளர் தேர்தலில் நின்றேன். எனக்காக இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று என்னுடையது, மற்றது ஈனோக்குடையது. மீதி நாற்பது பேரும், போட்டியிலேயே இல்லாத ஈனோக்கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"மனசுல வச்சுக்காதப்பா ஜாஸ்பர். வா, டபிதா உனக்குன்னு சூப்பு எடுத்து வச்சிருக்கா" என்று தோளில் தட்டினான்.

நாற்பது பேரையும் மன்னித்துவிட்டேன். தோளில் தட்டியவனை முடியவில்லை.

பிரான்சில் ராஜாவின் தலை போனதிலிருந்து எங்கள் மந்திரிகளுக்குத் தூக்கமில்லை. ஒரு ராஜத்துரோகி கிடைத்தால் நன்றாயிருக்கும் என்றார்கள். மூன்று ஈட்டிமுனைகள் செய்வித்து, ஈனோக் அட்டை போட வைத்திருந்த தோல்கட்டுக்குள் நானே வைத்தேன். கலகத்துக்கு ஆயுதம் சேர்க்கிறான் என்று தகவலும் நானே கொடுத்தேன். தண்டனை உங்களுக்குத் தெரியும்: தூக்கிலிட்டு, உயிர் போகுமுன் இறக்கி, குடலை எடுத்து எரிப்பார்கள். அரை மணி நேர வேலை. டபிதா திடமான பெண், தாங்கியிருப்பாள்.

சாட்சிக் கூண்டில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். மூன்றாவது முனை சற்று வளைந்தது என்பதுவரை.

ஈனோக்கின் வக்கீல் கேட்டார்: "அதிகாரிங்க எடுத்தது ரெண்டுதானே? மூணாவது ஒண்ணு இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

கோர்ட்டே சிரித்தது. ஜூரிகள் பன்னிரண்டு பேர் எட்டு நிமிடத்தில் அவனைக் குற்றமற்றவன் என்றார்கள். என்னுடையது ஆறு மாத உழைப்பு, ஐயா. அந்தப் பன்னிரண்டு முகங்களும் எனக்கு மனப்பாடம்.

வெளியே ஜனங்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, கயிறு கட்டி, ஈனோக்கைத் தாங்களே இழுத்தார்கள். ஓட்டுக் கேட்ட மனிதர்கள் இவர்கள்.

"புல்லு போடட்டுமாடா?" என்று இழுத்தவர்களைக் கேட்டேன்.

ஒரு மீன்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யோவ், யாருய்யா நீ? பொய்சாட்சி சொன்ன அந்த நாயைத்தான் தேடிக்கிட்டிருக்கோம், தேம்ஸ்ல முக்கறதுக்கு."

வண்டியிலிருந்து ஈனோக் என்னைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"நம்ம ஆளுதான், விடும்மா" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுபடியும் அதே இரக்கம். அவனை நான் ஒருநாளும் மன்னிக்கப் போவதில்லை.

கயிற்றில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

அது மேட்டுப் பாதை, ஐயா. குனியாமல் இழுக்க முடியாது.