கன்னத்து மச்சமும் ஊதா லைட்டும்

– மெதுவா, மெதுவா டாக்டரய்யா! கட்டுத் துணியோட தோலும் கழண்டு வந்துரப் போகுது.

– ஜெபமாலையம்மா, இந்தக் கை கொழும்புல எத்தனை துரைசானி மூஞ்சிக்கு வைத்தியம் பாத்த கை தெரியுமா? கீரனூர்ல வந்து ஒக்காந்தது உங்க அதிர்ஷ்டம். பாப்பா, அசையாத. பேரென்ன சொன்ன?

– மரிய செல்வி. போன வாரமும் கேட்டீங்க.

– போன வாரம் கரண்டு வந்து வந்து போச்சும்மா. மூஞ்சிக் கட்டையே இருட்டுலதான் போட்டேன், பேரு எங்க மனசுல நிக்கிது?

– ஏன்டி, டாக்டர்கிட்ட வாயக் கொறைடி. அய்யா, வர்ற ஞாயித்துக்கிழமை ஆவூர் கோயில் பூசையில, இன்னாருக்கு இன்னாருன்னு சாமியார் இவளுக்குக் கல்யாண ஓலை வாசிக்கணும். மாப்பிள்ளை அடைக்கலராஜ் பள்ளிக்கூடத்து வாத்தியாரு. பொண்ணு கன்னத்து மச்சம் போனாத்தான் ஓலைன்னு அவரு ஆத்தா ஒரே பிடியா நிக்கிது.

– போயிருக்கும்மா. நான் என்ன சாதாரண லைட்டா போட்டேன்? மருவுக்குச் செவப்பு லைட்டு, பருவுக்குப் பச்சை, தழும்புக்கு நீலம். மச்சத்துக்குன்னே ஸ்பெஷலா ஊதா. எல்லாம் சீமைச் சரக்கு.

– விளக்கு ஒண்ணுதானே இருக்கு? முன்னாடி கலர் கண்ணாடியத்தானே மாத்துறீங்க?

– பாப்பா படிச்ச பிள்ளை போல. விளக்கு ஒண்ணுதான், கதிரு வேற வேற.

– உங்க நெத்தியில அம்புட்டு மங்கு இருக்கே. அதுக்கு எந்த லைட்டு?

– ஸ்பெஷல் லைட்டுதான். விளக்கைப் பிடிக்கிறவனே போய்ப் படுத்துக்கிட்டா அப்பறம் அதை யாரு பிடிக்கிறது? இங்கிட்டுத் திரும்பு. கடைசிச் சுத்து... ஆச்சு, வந்துருச்சு.

– மாதாவே! மச்சத்தைக் காணோம்! டாக்டரய்யா, நீங்க குடும்பத்தோட நல்லா இருக்கணும். காணவே காணோமே!

– நான்தான் சொன்னேன்ல?

– அம்மா, அந்தக் கண்ணாடிய இங்க கொடு.

– பாருடி, கண் குளிரப் பாரு.

– மச்சம் போகலம்மா. மூஞ்சி பூரா மச்ச நிறத்துக்கு வந்துருச்சு.

– என்னடி சொல்ற? வாசல் பக்கம் வா, வெளிச்சத்துல பாப்போம்... அய்யய்யோ! எம்புள்ள மூஞ்சி தோசைக்கல்லு மாதிரியில்ல இருக்கு!

– பதறாதீங்கம்மா. மச்சம் தெரியக் கூடாதுன்னுதானே கேட்டீங்க? தெரியுதா?

– அடப் பாவி மனுசா!

– இருங்க, இருங்க. லைட்டு மூஞ்சி பூரா எப்படிப் பட்டுச்சு? போன வாரம் மச்சத்து அளவுக்கு ஓட்டை போட்ட அட்டையை மூஞ்சி மேல வச்சுட்டுத்தானே டீ குடிக்கப் போனேன்?

– அது... அந்த அட்டைய நான்தான் எடுத்தேன்.

– எடுத்தீங்களா!

– சீமை வெளிச்சமாச்சே, சும்மா அட்டையில பட்டு வீணாப் போகுதேன்னு பாத்தேன். மச்சம் போறதோட மூஞ்சியும் செவப்பாயிட்டா மாப்பிள்ளை வீட்டுல வாயடைச்சுப் போயிருவாங்கல்ல? பெத்த வயிறு, ஆசைப்பட்டுட்டேன்.

– சுடுதும்மா, சுடுதும்மான்னு அன்னைக்குக் கத்துனேனே.

– அழகு வர்றப்ப சுடத்தான் செய்யும்னு இவருதானடி சொல்லியிருந்தாரு.

– சொன்னேன்தான். ஒரு அளவாச் சுடும்னு சொன்னேன். சரி, நடந்தது நடந்துபோச்சு. கறுப்புக்குன்னே வெள்ளை லைட்டு ஒண்ணு வச்சிருக்கேன். எல்லாருக்கும் போடுறதில்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள மூஞ்சி உரிச்ச வெங்காயம் மாதிரி ஆயிரும்.

– போடுங்கய்யா, இப்பவே போடுங்க. இந்தத் தடவை நான் வெளியிலயே நிக்கிறேன், எதையும் தொட மாட்டேன்.

– நான் படுக்க மாட்டேன்.

– படுடி! ஒன் வாழ்க்கைடி இது. சர்க்கார் சம்பளம், குடிக்க மாட்டாரு, அதிர்ந்து பேச மாட்டாரு. அடைக்கலராஜ் மாதிரி ஒருத்தர் ஒனக்கு எங்கடி கிடைப்பாரு?

– நேத்து அவரு நம்ம வாசலுக்கு வந்தாரும்மா. நீ கிணத்தடியில இருந்த.

– வந்தாரா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே! என்ன கேட்டாரு?

– மூஞ்சி பூரா கட்டோட நிக்கிறேன். "மச்சம் போயிருச்சா, அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க"ன்னாரு. அம்புட்டுத்தான். வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்கலம்மா. எனக்கு மனசே விட்டுப்போச்சு.

– ஆம்பளைக்கு அதெல்லாம் கேக்கத் தெரியாதுடி. உங்கப்பா என்னைய எப்பக் கேட்டாரு? ஞாயித்துக்கிழமை ஓலை வாசிச்சுட்டா எல்லாம் சரியாப் போயிரும். டாக்டரய்யா, நீங்க லைட்டப் போடுங்க.

– ஓலை வாசிக்க மாட்டாங்கம்மா. காலையில பூசைக்குப் போனப்பவே, இந்த மாப்பிள்ளை எனக்கு வேணாம்னு பங்குச் சாமியார்கிட்ட சொல்லிட்டுத்தான் ஒன்கூட பஸ் ஏறினேன்.