அரைநிலா நகம்

— ஆட்டாத சுதா. ரெண்டு கையும் தண்ணிக்குள்ளயே இருக்கட்டும்.

— சூடா இருக்குக்கா!

— சூடாதான் இருக்கணும். உப்பு கரைய வேணாம்? பத்தே கால் பஸ்ஸ புடிக்கணும், பதினோரு மணிக்கு பொன்னேரி பார்லர்ல நிக்கணும்னு ஆறு மணிலேருந்து நீதான உயிர எடுக்கற. கம்னு முக்கு.

— போன தடவ எலுமிச்சம்பழம் புழிஞ்சியே அனிதாக்கா, இந்த தடவ ஏன் உப்பு?

— எலுமிச்ச கறைக்கு. உப்பு நகத்தடி தோலு ஊறத்துக்கு. இதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு? நீ கைய நீட்டுனா போதும். வீடியோல நாப்பதாயிரம் பேரு பாத்த கை ஆச்சே.

— நாப்பத்தி மூணாயிரம். காலைல லோகேஷ் பாத்து சொன்னாரு.

— உம் புருசனுக்கு வேற பொழப்பு இல்ல. அவங்க அண்ணன், எங்க வூட்டுக்காரரு, தனியா வலை சிக்கெடுக்கறாரு, இவன் குந்திக்கினு எத்தினி பேரு பாத்தான்னு எண்ணினு கீறான்.

— வீடியோ எடுத்தது அவருதானக்கா.

— எடுத்தான், நல்லா எடுத்தான். மொத வீடியோல என் கையும் வந்துச்சி. "அண்ணி, உங்க கைல லைட்டு நிக்க மாட்டுது, கொஞ்சம் ஓரமா போங்க"ன்னான். ஓரமா போனேன். இன்னும் கொஞ்சம்னான். இப்ப பாரு, பிரஷ்ஷு மட்டும் அந்தரத்துல வந்து உன் நகத்துல கோடு போட்டுனு போவுது. பேய் வந்து போட்ட மாதிரி.

— நான் சொன்னேன்க்கா. சத்தியமா சொன்னேன், அக்கா கையும் தெரியட்டும்னு.

— எப்ப சொன்ன?

— சொன்னேன்.

— சரி, சொன்ன. கைய எட்து தொடச்சிக்கோ. தோ பாரு, இந்த ஈர்க்குச்சி நுனியில துணி சுத்தி கீறேன் இல்ல, இத்தால தோல உள்ள தள்ளப் போறேன். வலிச்சா சொல்லு. அந்த வீடியோ கீழ எழுதறானுங்களே, அத ஒண்ணு ரெண்டு படி.

— வேணாங்கா.

— படிடி. கை எங்கிட்ட கீது, கண்ணு சொம்மாதான கீது.

— "மகாலட்சுமி கை"ன்னு ஒருத்தர் போட்டிருக்காரு. "இந்த விரலுக்கு மோதிரம் போட குடுத்து வச்சிருக்கணும்"னு ஒருத்தரு. ஒரு அம்மா, "பழைய படத்துல ஈரோயினுங்க வச்சிருப்பாங்களே, அதே கை"ன்னு...

— நகத்துல போட்ட கோட்ட பத்தி யார்னா எழுதனாங்களா?

— இரு, பாக்கறேன்.

— பாக்காத. ஒருத்தனும் எழுதல. நானும் எழுத்துக் கூட்டிக் கூட்டி இருநூத்தி சொச்சத்தையும் படிச்சேன். அந்த அம்மா எழுதனத நாலு தபா படிச்சேன். அதே கையாம். கையா அது? அந்தக் காலத்துல நகத்துக்கு அப்படி போடுவாங்கனு கண்டுபுடிச்சது எவ? உன் கையா?

— உனக்கு எப்படிக்கா தோணுச்சி, அடியில மட்டும் வட்டமா விட்டுடணும்னு?

— தீவாளிக்கு டிவில கறுப்பு வெள்ளை படம் போட்டான் இல்ல? அந்தம்மா லெட்டர படிச்சி அழுவுது, நம்ம அத்தையும் சேந்து அழுவுது. நான் அந்தம்மா நகத்த பாத்தேன். நடுவுல மட்டும் கலரு. அடியில அரைநிலா கணக்கா வெறும் நகம், நுனியிலயும் வெறும் நகம். நமக்கு சேறு எங்க ஏறும்? நுனியில ஏறும், ஓரத்துல ஏறும். ஏரியில கை உட்டு அலசிட்டு எழுந்து பாத்தா, அடியில அந்த பொட்டு நெலா மட்டும் வெள்ளையா நிக்கும். பன்னெண்டு வருசமா என் கையில சுத்தமா கீறது அது ஒண்ணுதான். அத எதுக்கு கலர் அடிச்சி மூடணும்னு தோணுச்சி. அவ்ளோதான்... இன்னாடி இது?

— எது?

— சுண்டுவிரலு. நகம் பிஞ்சி கீது.

— அது... பாத்திரம் தேய்க்கும்போது.

— பாத்திரம் தேச்சா நகத்துக்குள்ள கறுப்பு களி எப்படி வரும்? இவ்ளோ நேரம் உப்புத் தண்ணில ஊறியும் போவல. ஏரிக் களிய எனுக்கா தெரியாது? எப்ப எறங்கன?

— செவ்வாக்கெழம. நீ அனுப்பம்பட்டுக்கு சாவு வீட்டுக்கு போனியே, அன்னிக்கு.

— தனியாவா? எறா தடவவா?

— எறா போடற உன் ஓலைப் பறிய எடுத்துக்கிட்டுப் போனேன். நீ பண்ற மாதிரியே பறிய பல்லுல கடிச்சிக்கிட்டு, ரெண்டு கையால சேத்துல தடவிக்கிட்டே போனேன். மூணு மணி நேரம்.

— எவ்ளோ கெடச்சிது?

— ஒம்பது.

— கிலோவா?

— எறா. ஒம்பது எறா.

— மூணு மணி நேரத்துக்கு ஒம்போது எறாவா?

— சிரிக்காதக்கா! கெளுத்தி முள்ளு வேற குத்திடுச்சி. அந்த ஒம்பதையும் திரும்ப தண்ணியிலயே விட்டுட்டு வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல, அவர்கிட்ட கூட சொல்லல.

— சிரிக்கலடி. சந்தோசமா கீது. மெய்யா சொல்றேன், ஒரு மாசமா இவ்ளோ சந்தோசமா நான் இல்ல. ஏன்டி, இவ்ளோ நீட்டு நகத்த வெச்சினு எவளாவது எறா தடவப் போவாளா? நகம் முந்திக்கினு போயி இடிக்கும், எறா எகிறி ஓடிடும். விரலு சதைதான் மொதல்ல படணும். அதுக்குதான நான் ஒட்ட ஒட்ட வெட்டிக்கறேன்? சதை பட்டும் ஆடக் கூடாது. மூச்சு உட்டா விரலு ஆடும்னு மூச்ச அடக்கினு புடிக்கணும். அந்த விரலாலதான் இந்தக் கோடே உழுது. எங்கனா பார்லர்ல கத்துனு வந்தேன்னு நெனச்சியா?

— எனக்கு எப்படிக்கா தெரியும்? நாங்க கழனிக்காரங்க. எங்க ஊர்ல சேறுன்னா நாத்து நடறதுதான்.

— அதான் கேக்கறேன். திருப்பாலைவனத்துக்காரிக்கு ஏரியில இன்னா வேல?

— உனக்கு தெரியாதாக்கா? அத்தை யார் வந்தாலும் என்னா சொல்றாங்க? "மூத்தவ தண்ணில எறங்குனா இந்த வீட்ல அடுப்பு எரியுது. சின்னவ கைய பாத்துக்கிட்டு இருந்தா சோறு வந்துடுமா?" நாலு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். கொழம்பு வைக்கறது நானு. அவரு தட்டு முன்னாடி குந்தினதும் என்னா கேப்பாரு? "இது அண்ணி புடிச்ச எறாவா?" எனக்கு எரியாதா? ஒரு நாளாவது என் கையால புடிச்சி, இந்தாங்கன்னு வைக்கணும்னு போனேன்.

— உனுக்கா எரிஞ்சிது? என்ன பாத்து?

— உன்ன பாத்துதான்.

— அடிப்பாவி. சரி, நகவெட்டிய குடு.

— எதுக்கு?

— ஒண்ணு குட்டையா, ஒம்போது நீட்டா போவ முடியுமா? பத்தும் ஒரே அளவா இருக்கணும். எல்லாத்தையும் கொறைக்கணும்.

— அய்யோ, ரெண்டு மாசமா வளத்தேன்க்கா!

— நீட்டு இன்னொரு விரல. இதோ. அடுத்தது.

— உனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு, இல்ல?

— இல்லாம? அந்த ஒட்டுப் பொட்டு அட்டைய எட்து குடு. சின்ன பொட்டு வேணாம், அத்தைங்க வெச்சிக்கற பெருசு.

— எவ்ளோ உள்ள தள்ளி ஒட்டணும்?

— அடித்தோல தொட்டும் தொடாம. தோ பாரு, பாதி பொட்டு நகத்து மேல, பாதி விரலு மேல. ஓரத்த நல்லா அமுக்கணும், இல்லனா கலரு உள்ள பூந்துடும். இப்ப கியூடெக்ஸ். நடுவுல ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. மூணுக்கு மேல போவக் கூடாது.

— பொட்ட எப்ப உரிக்கணும்?

— பாதி காயணும். பச்சையா கீறப்ப உரிச்சா கலரும் சேந்து இழுத்துனு வந்துடும். முழுசா காஞ்சா ஓரம் பிஞ்சிக்கும்.

— பாதி காஞ்சிடுச்சின்னு எப்படி தெரியும்?

— தெரியும். சேத்துக்குள்ள கையில படறது எறாவா கல்லானு தெரியுது இல்ல, அப்டி தெரியும். உனுக்குத் தெரியாது. இன்னா இன்னிக்கு இத்தினி கேள்வி?

— சும்மாதான்க்கா.

— அந்தக் கைய குடு.

— இந்தாக்கா.

— கட்டவிரலு. இப்ப அது. கடேசி சுண்டுவிரலு.

— என்னாக்கா, பிரஷ்ஷ கையிலயே புடிச்சிக்கிட்டு இருக்க?

— யோசிக்கறேன்.

— என்னான்னு?

— பத்து பொட்டும் ஒட்டி, பத்துக்கும் கலர் அடிச்சாச்சி. இன்னும் ஈரமா கீது. இப்பவே உரிச்சா இன்னா ஆவும்னு.

— நீதான சொன்ன, இழுத்துக்கும்னு.

— ஆமா. பத்தும் நாசமாவும். அழிச்சிட்டு திருப்பி போட நேரம் இல்ல, பஸ்ஸு போய்டும். வீடியோவ பாத்து உன்ன கூப்ட்ட பார்லர் ஜெபசெல்வி மேடம் இத பாத்துட்டு வேற கைய தேடிப்பாங்க.

— அக்கா!

— கத்தாத, கை ஆடுது. எனுக்கு வயிறு எரியுது சுதா. வாய் உட்டு சொல்லிட்டேன், போ. லோகேசு உன்ன இட்டாந்து வாசல்ல நிறுத்துனப்ப அத்தை மூஞ்ச திருப்பிக்கினு நின்னாங்க. உன் கைய புடிச்சி உள்ள இட்டாந்தது நானு. கழனி வூட்டுப் பொண்ணு, உப்புத் தண்ணி ஒத்துக்காது, அவ அடுப்பங்கரையில இருக்கட்டும்னு சொன்னது நானு. உன் பங்குக்கும் சேத்து நான் எறங்கனேன். அதான் உன் கை இப்படி கீது, என் கை இப்படி கீது. இன்னிக்கு அந்தக் கை ஏசில போயி குந்தும். போட்டோ புடிச்சி போர்டு வெப்பாங்க, பொன்னேரி பஸ்ஸ்டாண்டுலேருந்தே தெரியும். நான் எறா கூடைய தூக்கினு அந்த போர்டுக்கு கீழ நடந்து போவணும்.

— உரிச்சிடுக்கா.

— இன்னா?

— உனக்கு ஆறும்னா உரிச்சிடு. நான் போவல. வயித்து வலின்னு சொல்லிடறேன்.

— நல்லா பேசற. உரிக்கலாம்னு பொட்டு ஓரத்துல விரல வெச்சிட்டேன், தெரியுமா? இந்த மோதிர விரலுல வெச்சிட்டேன். அப்பால கோட்ட பாத்தேன். இந்த ஒரு மாசத்துல இவ்ளோ சுத்தமா எனுக்கு உழுந்ததே இல்ல. எப்படி கெடுக்கறது? மனசு வரல. உனுக்காக இல்ல, நெனச்சிக்காத.

— நெனக்கலக்கா.

— இப்ப காஞ்சிது பாதி. மூச்சு உடாத. தோ... தோ... தோ. இது. இது. அந்தக் கை. பாத்தியா?

— அக்கா...

— வெளிச்சத்துல காட்டு. திருப்பு. ஷோக்கா கீது இல்ல?

— அழகா இருக்குக்கா. ரொம்ப அழகா இருக்கு.

— குட்டை நகத்துலதான் இன்னும் எடுப்பா கீது. மொதல்லயே வெட்டியிருக்கணும். எழுந்திரு, பத்தாச்சி. நீ எதையும் தொடாத, செருப்ப நான் மாட்டி உட்றேன். பையி எங்க? இன்னா இவ்ளோ கனம்?

— கியூடெக்ஸ் பாட்டிலுங்க. ஈர்க்குச்சி, பொட்டு அட்டை, பிரஷ்ஷு. மேடம் எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க.

— பார்லர்ல இல்லாத பிரஷ்ஷா? பெரிய மனுசங்க, இன்னா கணக்கோ. இரு, மூடிய இறுக்கி உட்றேன், கொட்டிக்கும். தோள நீட்டு, மாட்டறேன். முந்தானி படப் போவுது, பாத்து.

— நீயும் வாயேன்க்கா.

— எதுக்கு? ஓரமா நிக்கவா? தண்ணி வத்தற நேரம், இன்னிக்கு எறா நல்லா படும். அவரு காத்துனு கீறாரு. பஸ்ஸு சத்தம் கேக்குது பாரு, கெளம்பு.

— போறேன்.

— சுதா, இரு. ஒண்ணு கேக்கறேன். அந்த மேடம் கோடு போட்டது யாருனு கேட்டாங்கனா, என் பேர சொல்லு. எங்க ஓரகத்தி, அனிதானு பேரு, தோணிரேவுல எறா தடவறவன்னு சொல்லு. எனுக்கு வேற ஒண்ணும் வேணாம். வயிறு எரியத்தான் எரியும், அது என் பாடு. பேர மட்டும் சொல்லிடு.

— அப்படி கேக்காதக்கா.

— இன்னாடி, இதுக்குப் போயி அழுவற? மூஞ்சில கை வெக்காத, ஈரம் கீது!

— அவங்க போன் பண்ணப்பவே கேட்டாங்கக்கா. என் கைய பத்தி ஒரு வார்த்த பேசல. கோடு போட்ட ஆளதான் வேலைக்கு வரச் சொன்னாங்க. போட்டது நான்தான்னு சொல்லிட்டேன்.