பதினோராவது விதி

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் முதலாளி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் அம்மையாரின் கணவர் அவர்களே, அவரது அன்பு மகளே, இயந்திரங்களை அரைநாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

கண்ணீரோடு பேசத்தான் எழுதி வந்தேன். சற்று முன் அம்மையாரின் மகள் என் அருகில் வந்து, "மாமா, அம்மாவப் பத்திச் சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. மூக்க உறிஞ்சினா அவங்களுக்குப் பிடிக்காது" என்றாள். எழுதியதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நம் ஏணித் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவுத் தலைவி அவர். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் கையெழுத்து இல்லாமல் ஓர் ஏணியாவது நம் வாசலைத் தாண்டியதுண்டா? "ஏறிப்பார் அம்மா" என்று நாம் ஏன் பெயர் வைத்தோம்? யார் எந்த ஏணியைப் புகழ்ந்தாலும், "பேச்சு இருக்கட்டும், ஏறிப் பாருங்க" என்பார். வீட்டிலும் அதே கண்டிப்புதான். "என் சமையலுக்கே ரெண்டு தடவ நிராகரிப்புச் சீட்டு குடுத்திருக்கா சார்" என்று அவர் கணவர் ஒருமுறை என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

விற்பனை மேலாளரான நான் இன்று ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் நிறுவன நடத்தை விதிகள் இருபத்திரண்டையும் எழுதியவன் நான். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பார்வையிட வந்தார், அதற்காக எழுதினேன். எழுதிய நானே மறுபடி படித்தேனா? இல்லை. படித்தவர் ஒரே ஒருவர்.

மூன்று மாதம் கழித்து அம்மையார் என் அறைக்கு வந்தார். படிகளைப் பிணைக்கப் புது வகை ரிவிட் ஆணி போட்ட முந்நூற்று நாற்பது ஏணிகள் கடைகளுக்குப் போயிருந்தன. முதல் சோதனையில் எல்லாம் தாங்கின. அவர் ஒன்றைத் தனியே நிறுத்தி, நாள்தோறும் மணல் மூட்டைகளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று காலை மூன்றாவது படி கழன்றுவிட்டது.

"யாரும் புகார் சொல்லலியேம்மா. அடுத்த தடவ ரிவிட்ட மாத்திக்கலாம். வெளிய சொன்னா நம்ம பேரு கெட்டுடும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வெளியே போய், அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி வந்து என் மேசையில் வைத்தார்.

"பதினொண்ணாவது விதி சார். குறை தெரிஞ்சா வாங்கினவங்ககிட்ட நாமளே முதல்ல சொல்லணும்னு எழுதியிருக்கீங்க. இந்தாங்க பேனா, அத மட்டும் அடிச்சுடுங்க. இந்த ஏணிங்களுக்கு நான் போட்ட கையெழுத்தும் தப்பாயிடுச்சு. நான் சொல்லத்தான் போறேன்."

பேனாவை வாங்கினேன். மூடி மேசையில் வைத்தேன். அவருடனேயே எழுந்து முதலாளியின் அறைக்குப் போனேன்.

முதலாளி சம்மதித்ததும், கடைக்காரர்களிடம் எண்களைக் கேட்டு, ஏணி வாங்கியவர் ஒவ்வொருவரையும் அம்மையாரே தொலைபேசியில் அழைத்தார். வண்ணம் பூசும் ஒருவர், "அந்த ஏணி மேல நின்னுக்கிட்டுத்தாம்மா பேசறேன்" என்றார்.

"அண்ணே, முதல்ல கீழ இறங்குங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

அவர் இறங்கினார். இறங்கிய பிறகு கால்மணி நேரம் திட்டவும் செய்தார். அம்மையார் ஒவ்வொன்றுக்கும் "சரிண்ணே, சரிண்ணே" என்றார். அந்த அண்ணன் இதோ நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்று முதல் நம்மிடம்தான் ஏணி வாங்குகிறார்.

மற்ற ஏணிகளெல்லாம் நம்மிடம் திரும்பி வந்தன; ஒரே ஒரு ஏணி மட்டும் வரவில்லை. விடுமுறை நாளில் அவரே தேடிப் போனார். ஒரு வீட்டுத் தோட்டத்தில் அதன்மேல் பாகற்கொடி படர்ந்திருந்தது. கொடியைக் கலைக்க மனம் வராமல், படிகளை மட்டும் கழற்றி எடுத்து வந்தார். அந்தப் பெரிய வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போனது உண்மைதான். ஆனால் அந்த ஏணிகளிலிருந்து ஒருவரும் விழவில்லை. இதைவிட நல்ல செய்தி நம் தொழிலில் வேறென்ன இருக்கிறது?

தோழர்களே, இன்று காலை முதலாளி ஓர் ஆணையில் ஒப்பமிட்டார். இனிப் பரிசோதனைப் பிரிவை விற்பனைப் பிரிவு அவசரப்படுத்த முடியாது. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். என் அதிகாரத்தைக் குறைக்கும் அந்த ஆணையை எழுதியவனும் நானே. இந்த முறை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

போய் வாருங்கள் அம்மா. நாளைக் காலை எட்டரைக்கு வழக்கம்போல் உங்கள் பிரிவு திறந்திருக்கும்.