ஸ்பேனரைத் துடைத்த கை

தலைமை வகிக்கும் மேரிராணி அவர்களே, மறைந்த அற்புதராஜ் ஐயாவின் துணைவியார் அருள்மேரி அம்மா அவர்களே, மூக்கண்டப்பள்ளிக் கூடத்தில் திரண்டிருக்கும் பெரியோர்களே! ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் கௌஸ் பாஷாவின் வணக்கம். புகழ்ந்து பேசக் கூப்பிட்டீர்கள். தலை நிமிர்த்த முடியாமல் நிற்கிறேன்.

நம் வட்டாரத்துக்கு முதன்முதலில் கைரேகை விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தவர் யார்? விரல்ரேகை நிபுணர் அற்புதராஜ்! எழுபத்தைந்தில் பாகலூரில் அவர் ரேகை எடுக்கப் பொடி தூவியபோது, "மந்திரம் போடறாங்கப்பா!" என்று சனம் ஓடியது. அவரோ சிரித்துக்கொண்டே தன் கட்டைவிரலைக் கண்ணாடியில் பதித்து, கன்னடத்திலும் தெலுங்கிலும் விளக்கினார். அப்புறம் ஊரே வரிசையில் நின்று விரல் நீட்டியது.

அப்பேர்ப்பட்டவருக்கு நான் செய்தது என்ன? எண்பத்தொன்றில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பூட்டை உடைத்துப் பித்தளைச் சாமான்களைத் திருடிவிட்டார்கள். உடைத்த ஸ்பேனர் கீழே கிடந்தது. "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க சார்" என்று அற்புதராஜ் போனில் சொல்லியிருந்தார். அதிலிருந்த எண்ணெய் பட்டால், கைப்பற்றியதை எழுதும் மகஜர் காகிதம் பாழாகுமே என்று, ஷிப்ட் முடிந்த தொழிலாளியைப் போல வேஸ்ட் பஞ்சை எடுத்துப் பளபளவென்று துடைத்து மேசைமேல் வைத்தேன். பாவி, வைத்தேனே!

பஸ்ஸில் வந்து இறங்கியவர் லென்ஸில் பார்த்தார். "யாரு சார் இதைத் தொடைச்சது?"

"யாரும் தொடலையே!" என்றேன். எத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய்!

அன்று ஸ்டோரில் வேலையில் இருந்த தொழிலாளி சின்னராஜைப் பிடித்தோம். ரேகையைத் துடைத்திருக்கிறான், கைதேர்ந்த திருடன் என்று கோர்ட்டில் வாதம் நடந்தது. "துடைத்தது யாரென்று என் பொடி சொல்லாது" என்றார் அற்புதராஜ். சொல்ல வேண்டிய நான் கல்லாகச் சாட்சிக் கூண்டில் நின்றேன்.

வெளியே வந்து என் கையைப் பிடித்தார். "உங்க சட்டையில பஞ்சு ஒட்டியிருந்துச்சு சார். உண்மையைச் சொல்லிடுங்க. அந்த மனுசன் வீட்டுக்குப் போவட்டும்."

"பொடி தூவற வேலையைப் பாருய்யா!" என்று அதட்டினேன். அவர் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். யூனிபார்ம் போட்ட என் பேச்சுதான் எடுபட்டது. சின்னராஜுக்குப் பதினெட்டு மாதம் ஜெயில். கண்மூடும்வரை, பன்னிரண்டு வருஷமாக, என்னை எங்கே பார்த்தாலும் அற்புதராஜ் அதையேதான் கேட்டார். நானும் தெருவை மாற்றி நடந்தேன். வெட்கங்கெட்டவன்!

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொன்னீர்கள். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நடந்த உண்மையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். நாளைக் காலையில் கோர்ட்டில் கொடுப்பேன். அதற்கு முன்னால், மூன்றாவது வரிசையில் அவருக்காக அழுதுகொண்டிருக்கும் சின்னராஜ் அவர்களே, உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன்.

துடைத்தது நான்.