இடாப்பில் பதினான்கு கோடுகள்

— அப்ப நீ சொல்லல்லங்கிற.

— பதினாலு நாளும் நான் இல்ல, ஜூட்சன் சேர்.

— சரி, வெச்சுக்குவோம். ஆனா கணக்கு ஒதைக்குதே ஜெயந்தினி. வினோதா கிட்னி வருத்தத்தோட கண்டி ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கா. என் வரவு இடாப்புல மூணு கிழமையா வகுப்புல உக்காந்திருக்கா. நான் பேரக் கூப்பிடுறேன், 'உள்ளேன் சேர்'னு ஒரு பொம்பளப் புள்ளக் கொரல் வருது, நானும் கோடு போட்டுட்டுப் போறேன்.

— நீங்க நிமிந்தே பாக்க மாட்டீங்க சேர்.

— தெரியும். நாப்பத்திரெண்டு பேரு, தலையக் குனிஞ்சா முடிச்சிட்டுத்தான் நிமிர்றது. என் தப்ப இல்லேங்கல்ல. ஒன்ன ஏசுறதுக்கும் நிப்பாட்டி வைக்கல்ல. எப்பிடி நடந்துச்சுன்னு தெரியாம மண்டையக் கொடையுது, அவ்வளவுதான்.

— எப்பிடி சேர் கண்டுபிடிச்சீங்க?

— வினோதாவோட அப்பா சிவசாமி காலையில மொத பஸ்ஸுல வந்து மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்தாரு. உயர்தரப் பரீட்சை எழுதுறதுக்கு எண்பது வீதம் வரவு வேணும். வருத்தக்காரப் புள்ளைக்கு மெடிக்கல் இருந்தா விட்டுக்குடுப்பாங்க. மெடிக்கலு வார்டுல இருந்தாங்குது, இடாப்பு வகுப்புல இருந்தாங்குது. ரெண்டையும் சேத்து அனுப்புனா மெடிக்கலே பொய்யின்னு தூக்கிப் போட்டுருவாங்க. அப்பறம் புள்ள பரீட்சை எழுத ஏலாது.

— ஐயோ. வரவு கொறஞ்சிறக் கூடாதுன்னுதானே சேர் நாங்க...

— நாங்கன்னா யாரு யாரு?

— அது வந்து சேர்... எங்கம்மா தேயிலை மலையில இப்பிடித்தான் செய்வாங்க. கூட நிக்கிற ஆளுக்கு ஒடம்பு முடியாமப் போச்சுன்னா, மத்தவங்க ஆளுக்கு ரெண்டு பிடி கொழுந்து அவங்க கூடையில போட்டு நெறச்சிருவாங்க. அன்னைக்கு அவங்களுக்கு முழுப்பேர் விழுந்துரும், முழு நாள் சம்பளமும் கெடைச்சிரும்.

— அதத்தான் நானும் நெனச்சேன். எங்கம்மாவும் கொழுந்தெடுத்தவங்கதான், கண்ணால பாத்திருக்கேன். அப்ப வகுப்புல ஆளுக்கொரு நாளா கொரல் குடுத்திருக்கீங்க.

— இல்ல சேர்.

— இல்லியா? சரி, வெச்சுக்குவோம். இன்னொண்ணு. கடைசி வாங்குல கத பேசிக்கிட்டிருந்தவ, இப்ப முன்னுக்கு வந்து என் மேசைய ஒட்டி உக்காந்திருக்க. போர்டுல எழுதுறதெல்லாம் வாசிச்சும் சொல்லுங்க சேர்ங்கிற. புள்ளைக்குக் கண்ணு தெரியலியோன்னு நெனச்சேன்.

— கண்ணு நல்லாத்தான் சேர் இருக்கு.

— அப்ப அந்தப் பைய ஏன் மடியிலயே வெச்சுப் புடிச்சிக்கிட்டிருக்க?

— ஏச மாட்டேன்னு சொன்னீங்க சேர்.

— சொன்னேன். இப்பவும் அதான்.

— உள்ளுக்குப் போன் இருக்கு. ஸ்கூலுக்குக் கொண்டாரக் கூடாதுன்னு தெரியும் சேர். பெல் அடிக்க முன்ன அவளுக்குக் கோல் எடுத்துருவேன், பாடம் முடியிற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க பேரக் கூப்பிட்டா அவளே சொல்லிருவா, கட்டில்ல படுத்துக்கிட்டே.

— அவளேவா? என் மூக்குக்குக் கீழயா? இப்பவும் ஓடுதா அது?

— ஓடுது சேர். இருங்க, சத்தத்தக் கூட்டுறேன். வினோதா, பேசுடி.

— வணக்கம் சேர். மொதல்லருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— நல்ல புள்ளம்மா நீ. எப்பிடி இருக்கு ஒடம்பு?

— ஊசி போட எடமில்லாமப் போச்சு கையில. மத்தபடி சோக்கா இருக்கேன். பணவீக்கம் நல்லா வெளங்கிருச்சு சேர். நேத்துப் பாடந்தான் வெளங்கல்ல, பக்கத்துக் கட்டில் சிங்கள அக்காவுக்கு ஆளுங்க பாக்க வந்துட்டாங்க, ஒரே சிரிப்பு.

— கேக்குறதோட நின்னிருக்கலாமேம்மா. எதுக்கு உள்ளேன்னு சொன்ன?

— நீங்க என் பேரக் கூப்பிட்டீங்க. நானும் பாடத்துலதானே இருந்தேன். காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல கணக்கப்பிள்ளை பேரு கூப்பிடுறப்பக் கொரல் குடுத்தா வரவுதானே சேர்?

— பெரட்டுலயும் ஆளு நேர்ல நிக்கணும் தாயி. சரி, கேளுங்க ரெண்டு பேரும். நான் பாக்காமக் கோடு போட்டுட்டேன்னு அதிபர்கிட்ட எழுதிக் குடுத்து, இந்தப் பதினாலையும் வெட்டப் போறேன். அப்பத்தான் மெடிக்கல் நிக்கும். எனக்குக் கெடைக்கிறது கெடைக்கட்டும். பாடத்துக்குப் போன் வைக்க அனுமதியும் நானே கேக்குறேன்.

— வெட்டிருங்க சேர். ஆனா பதினொரு நாள்தான் நான் சொன்னது.

— இடாப்புல பதினாலு கோடு இருக்கே பிள்ள.

— பன்னெண்டாந்தேதியிலருந்து மூணு நாள் எனக்கு நெனவே இல்ல சேர். புள்ள பொழைக்குமா தெரியலன்னு டாக்டர் சொன்னாராம். நான் போனே எடுக்கல்லயே. ஏ ஜெயந்தினி, அந்த மூணு நாள் யாருடி சொன்னா?

— என்னத்துக்கு ஜெயந்தினி அழுவுற? அவதான் இப்ப நல்லாப் பேசுறாளே.

— அந்த மூணு நாளும் நான்தான் சேர். அவ பேருக்கு யாருமே கொரல் குடுக்காம விட்டா, அவ திரும்பி வராமலே போயிருவாளோன்னு பயந்துட்டேன்.