வலது பக்கத்தைக் குறைத்தவன்

ஒரு பக்கம் சத்தம் கம்மியாக இருக்கிறது என்று என்னிடம் வருகிற ஆம்ப்ளிஃபயர்களில் பாதிக்கு ஒரு கோளாறும் இருக்காது. பின்னால் ஒயர் சரியாகச் செருகியிருக்காது, அல்லது தூசி துடைக்கும்போது யாராவது பேலன்ஸ் குமிழைத் திருப்பியிருப்பார்கள். ஐந்து நிமிட வேலை. உட்காருங்கள். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் லேசாக ஆடும், விழுந்துவிட மாட்டீர்கள்.

உங்களுடையது அப்படியில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். வலது சேனலில், கம்பெனி வைக்காத ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்துகொண்டு சத்தத்தைத் தடுக்கிறது, இதை எவன் வைத்தான் என்று கேட்டீர்கள். அடியில் என் கடை ஸ்டிக்கர் இருக்கிறது. நான்தான் வைத்தேன். கை தவறியும் இல்லை, தெரியாமலும் இல்லை. இதற்கு முன்னால் அதே இடத்தில் வேறு மூன்று இருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. ஏன் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டுவிட்டதால் சொல்கிறேன்.

இதை உங்களுக்கு விற்ற அம்மா என் அக்கா. இது அவள் கணவருடையது. அத்தான் பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்தார். அங்கே அவரைக் ‘காதுக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். ஓடுகிற இன்ஜின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, அதன் கைப்பிடியை இடது காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். எந்த வால்வு, எந்த பேரிங் என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். ஓய்வு நேரத்தில் அவருக்கு இந்த ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும்தான் உலகம். இரண்டுக்கும் நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அக்கா கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். ஊருக்கு முன்னால் அத்தான் என்னை மாப்ளே என்பார். வீட்டுக்குள் என் பெயர் ஈயம். விரலெல்லாம் ஈயம் பற்றவைக்கும்போது சூடு பட்ட தழும்பு, அதனால். “ஏய் ஈயம், மீட்டர் என்ன சொல்லுது? அதத் தூக்கி உடைப்புல போடு. என் காது சொல்லும்.” சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இடது பக்கம் மங்குகிறது என்று என்னைக் கீழே கூப்பிட்டார். இந்த வேலையில் முதல் பாடம், பக்கத்தை மாற்றிப் பார்ப்பது. இடது ஒயரை வலதிலும் வலது ஒயரை இடதிலும் செருகினால், கோளாறும் கூடவே பக்கம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கே மாற்றும்போது மாறுகிறதோ, அதைப் பிடித்துக்கொண்டு போனால் திருடன் அகப்பட்டுவிடுவான். பாட்டு வருகிற ஒயரை மாற்றினேன். இடதுதான் மங்கல் என்றார். ஸ்பீக்கர் ஒயரை மாற்றினேன். இடதுதான் என்றார். ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் இடதுதான்.

எனக்கோ இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் கேட்டது. அப்புறம் ஏதோ தோன்றி, “அத்தான், நாற்காலிய அப்படியே திருப்பிப் போட்டு, செவுத்தப் பாத்து உக்காருங்க” என்றேன். உட்கார்ந்தார். இப்போது வலது ஸ்பீக்கர் அவருடைய இடது கைப்பக்கம் வந்துவிட்டது.

“இப்ப அந்தப் பக்கம் போயிடுச்சு பாரு ஈயம். கோளாறு நம்மள வெச்சு விளையாடுது,” என்று சிரித்தார்.

கோளாறு எங்கே இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. லூஸ் காண்டாக்ட்டாக இருக்கும் என்று சொல்லி, பெட்டியைக் கடைக்குத் தூக்கி வந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு சேனலும் சரிசமம்.

இரண்டு நாள் அதை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அத்தான், ஒரு டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்க. அவர் வாசல்படி வரைக்கும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்ததும் அவர், “என்ன ஈயம், உன்னால முடியலன்னா சொல்லிடு, வேற நல்ல ஆளாப் பாத்துக்கறேன்” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஒரு பார்ட் வரவேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். காதை வைத்துப் பெயர் வாங்கிய மனிதரிடம் போய், உங்கள் காது போகிறது என்று எப்படிச் சொல்வது? உடைந்துபோயிருப்பார். இடதைக் கூட்ட முடியாது, வலதைக் குறைக்கலாம். பேலன்ஸ் குமிழைத் திருப்பி வைத்தால் அவர் கண்ணில் பட்டுவிடும். சின்னதாக ஒரு ரெசிஸ்டரை வலது சேனலில் பற்றவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஒரு பாட்டு முழுதும் கேட்டார். பிறகு எழுந்து வந்து, தழும்பு விழுந்த என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “மாப்ளே, நடுவுல வந்து நிக்குதுடா பாட்டு” என்றார். வீட்டுக்குள் அவர் என்னை மாப்ளே என்றது அன்றுதான் முதல் தடவை.

அதன் பிறகு அவர் மாறிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலமானால் டிப்போவிலிருந்து நேரே இங்கே வந்துவிடுவார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூல்தான். கூட இருந்த மெக்கானிக்குகளைக் கூட்டி வந்து, “இவன் கை வெச்சா செத்த பெட்டியும் பாடும்” என்பார். இருபது வருஷத்தில் என் கடைக்குள் காலெடுத்து வைக்காதவர். நான் இதற்காகச் செய்யவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையிலேயே கடையைக் கூட்டித் துடைத்து வைப்பேன் என்பது உண்மை.

நாலு மாதம் கழித்து மறுபடியும் இடது மங்கியது. இன்னும் பெரிய ரெசிஸ்டர் வைத்தேன். அதற்கப்புறம் மூன்று மாதம், அப்புறம் ஆறே வாரம். கழற்றிய மூன்றும் இந்தத் தகர டப்பாவில் இருக்கின்றன, பாருங்கள். நிறக்கோடுகளைப் படிக்கத் தெரியுமல்லவா? ஒன்றைவிட ஒன்று பெரியது. ஒரு மனிதனுடைய காது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று இவ்வளவு துல்லியமாக எந்த ஆஸ்பத்திரியிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அத்தான் போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டதை அவரே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஒரு சனிக்கிழமை, ஷேவ் பண்ணும்போது இடது கன்னம் மரத்த மாதிரி இருக்கிறது என்றார். ஸ்டூலிலிருந்து எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மறுவாரம் அக்கா மாடிக்கு வந்தாள்.

“ஏன்டா தம்பி, நடக்கறப்போ தள்ளாடுறாரு. கூப்பிட்டா காதுல விழல. நெஜமாவே பெட்டியிலதான் கோளாறா, இல்ல இவருக்கா? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவான்னு கேட்டா, ஈயத்தக் கேளு, அவன் சொல்லுவான்ங்கறாரு.”

நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையைக் கீழே வைத்தேன். அவர் என்னைத்தான் கேட்கச் சொல்லியிருந்தார். “பெட்டியிலதான்க்கா,” என்றேன். “வயசாகுதில்ல, தள்ளாட்டமெல்லாம் இருக்கும்.” அவள் நிம்மதியாக இறங்கிப் போனாள். நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னேன்.

நான்காவது ரெசிஸ்டர் வைத்து மூன்றாம் வாரம், டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்துக்குள் இறங்கும்போது அத்தான் விழுந்துவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். இடது காதுக்கு உட்பக்கம் நரம்பில் ஒரு கட்டி, வளர்ந்து மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. காது எப்போதிருந்து மந்தம் என்று டாக்டர் அக்காவைக் கேட்டார்.

“காதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். பாட்டுக் கேக்குற பெட்டியிலதான் கோளாறு. என் தம்பிதான் ஒவ்வொரு தடவையும் சரி பண்ணிக் குடுத்தான்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். எல்லோர் முன்னாலும் அவளைப் பொய்யாக்க மனம் வரவில்லை. காது மந்தமான உடனே வந்திருந்தால் இது பட்டாணி அளவுக்குத்தான் இருந்திருக்கும், வைத்தியம் சுலபம் என்றார் டாக்டர். எழுந்து போகும்போது, “அவருக்கும் ஒண்ணும் தெரியலேங்கறதுதான் ஆச்சரியம்” என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அத்தான் கண் திறக்கவில்லை. பதினோராம் நாள் போய்விட்டார்.

இப்போது அக்கா வருகிறவர்களிடமெல்லாம், கடைசிக் காலத்தில் அவருக்கு சந்தோஷம் கொடுத்தது என் தம்பிதான் என்று சொல்கிறாள். அதைக் கேட்கும்போது மட்டும் எனக்குத் தாங்குவதில்லை. அழுதுவிடுகிறேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுக்கிறாள். சனிக்கிழமைகளில் சீக்கிரம் கடையைச் சாத்திவிடுகிறேன். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவள் பெட்டியை உங்களுக்குக் கொடுத்துவிட்டாள். இல்லாவிட்டால் இதை முதலிலேயே கழற்றியிருப்பேன்.

என்னால்தான் அவர் செத்தார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. சரிதான். நான் வாயைத் திறந்திருந்தால் இன்றைக்கு அந்த ஸ்டூலில் அவர் இருந்திருப்பார். அல்லது பழையபடி, இங்கே வராமலே இருந்திருப்பார். அதையும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

பேசிக்கொண்டே கழற்றிவிட்டேன், பாருங்கள். மீட்டர் இரண்டு பக்கமும் சரிசமம் என்கிறது. எடுத்துக்கொண்டு போங்கள், நல்ல பெட்டி. வீட்டில் வைத்து நிதானமாகக் கேளுங்கள். எப்போதாவது ஒரு பக்கம் மங்குவதுபோலத் தோன்றினால், வீட்டில் சொல்லி யாரையும் பயமுறுத்த வேண்டாம், நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். நேரே என்னிடம் கொண்டுவாருங்கள். உங்களுக்கு எப்படிக் கேட்டால் சரியோ, அப்படியே வைத்துத் தருகிறேன்.